எங்கள் மாடிப்படியில் ஒரு மீட்டர்

தரம் 13, வணிகப் பிரிவு

சென்ற தவணையில் எமது தமிழ் மன்றம் வகுப்புகளுக்கிடையே ஒரு விவாதம் நடத்தியது. "புதுப்பிக்கத்தக்க சக்தியை வளர்க்க வீட்டு மின்கட்டணத்தை உயர்த்துவது தகும்" என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியபோது எனக்குத் 'தகும்' என்ற பக்கம் விழுந்தது. பக்கத்தில் நின்ற தோழிகள் சிரித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் கரண்ட் பில் வரும் நாள் எப்படியிருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

விவாதம் முடிந்து பல வாரங்கள் ஆகிவிட்டன. மேடையில் ஒரு பக்கத்தை மட்டுமே பேச வேண்டும், அதுவும் மணி அடிப்பதற்குள். அங்கே பேசாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எனக்கு விழுந்த பக்கத்துக்கு நியாயம் செய்ய வேண்டும். 2022ஆம் ஆண்டை எம்மில் எவரும் மறக்கவில்லை. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. நான் அப்போது ஒன்பதாம் தரத்தில் இருந்தேன். ஏப்ரல் தொடக்கத்தில் நோன்பு வந்தது. ஸஹருக்கு எழும்பும்போது இருட்டு, நோன்பு திறக்கும்போதும் சில நாட்களில் இருட்டு. உம்மா மெழுகுதிரியைக் கஞ்சிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊற்றுவார். புறக்கோட்டையில் இருட்டு என்பது வேறு ஊர் இருட்டைப் போன்றதல்ல. பகலெல்லாம் நாட்டாமிகளின் சத்தமும் கைவண்டிகளின் சத்தமும் லொறிகளின் ஹோர்னும் நிறைந்திருக்கும் தெரு, ஒரே கணத்தில் ஜெனரேட்டர்களின் உறுமலாக மாறிவிடும். டீசல் வாங்க வசதியுள்ள கடைகளில் வெளிச்சம் இருக்கும். எங்கள் ஒழுங்கைக்குள் அந்தப் புகை மட்டும் வரும்.

அந்த இருட்டுக்குக் காரணம் டொலர் இல்லாமை என்று அப்போதே சொன்னார்கள். இப்போது பொருளியல் படிக்கும்போது அது இன்னும் தெளிவாக விளங்குகிறது. மழை பெய்தால் லக்ஷபான முதலிய மலைநாட்டு நீர்மின் நிலையங்கள் ஓடும். மழை பொய்த்தால் எண்ணெய் எரிக்க வேண்டும். அடிப்படைச் சுமையை 900 மெகாவொட் கொண்ட நுரைச்சோலை நிலையம் தாங்குகிறது. அதற்கான நிலக்கரி முழுவதும் கப்பலில் வருகிறது. கப்பலுக்குக் கொடுக்க டொலர் இல்லாத நாட்டில் சுவிச்சைப் போட்டால் விளக்கு எரியாது. வெயிலுக்கும் மன்னார்க் காற்றுக்கும் எவரும் டொலரில் பில் அனுப்புவதில்லை. 2030ஆம் ஆண்டில் மின்சாரத்தின் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவோம் என்று நாடு இலக்கு வைத்திருப்பது இதனால்தான். அதற்குப் பணம் வேண்டும், மின்சாரம் பாவிக்கும் நாம்தான் அதைக் கொடுக்கவும் வேண்டும். மேடையில் நான் இதைத்தான் சொன்னேன். இன்றும் இதை மறுக்கவில்லை.

என் கேள்வி, 'நாம்' என்பது யார் என்பதுதான்.

எங்கள் வீடு ஐந்தாம் குறுக்குத் தெருவுக்குப் பின்னாலுள்ள ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. கீழே ஒரு குடும்பம், மேலே நாங்கள். கீழ்வீட்டு மாமி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். வாப்பா ஒரு துணிக்கடையில் கணக்கெழுதுகிறார். இரண்டு வீட்டுக்கும் மாடிப்படிக்குக் கீழே ஒரேயொரு மீட்டர். பில் வந்ததும் இரண்டாகப் பிரித்துக் கட்டுவது வழக்கம். எங்கள் ஒழுங்கையில் அநேக வீடுகள் இப்படித்தான். கொட்டாஞ்சேனையிலும் வாழைத்தோட்டத்திலும் உள்ள தோழிகளின் வீடுகளும் இப்படித்தான் என்று பிறகு கேட்டறிந்தேன். ஒரு காலத்தில் ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டைப் பலகையடித்துப் பிரித்து மூன்று குடும்பங்களுக்கு வாடகைக்குக் கொடுத்திருப்பார்கள். பலகை புதிது, மீட்டர் பழையது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். வணிகப் பிரிவு மாணவியிடம் கட்டுரை கேட்டால் கணக்கு வராமல் இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 ஜூனில் இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மின்கட்டணத்தை 15 சதவீதம் உயர்த்த அனுமதித்தது. அதன்படி மாதம் 60 அலகுக்குள் பாவிக்கும் வீடு, முதல் 30 அலகுக்கு 4 ரூபா 50 சதம் வீதமும் அடுத்த 30க்கு 8 ரூபா வீதமும் கட்ட வேண்டியிருந்தது. நிலையான கட்டணம் 210 ரூபா. எங்கள் வீட்டில் மாதம் ஏறக்குறைய 55 அலகு ஓடுகிறது, மாமி வீட்டிலும் அவ்வளவுதான். தனித்தனி மீட்டர் இருந்தால் ஒரு வீட்டுக்கு 135, அதோடு 200, அதோடு 210. மொத்தம் 545 ரூபா. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து 1,090.

ஆனால் எங்கள் மீட்டர் 110 என்று காட்டுகிறது. 60 அலகைத் தாண்டினால் அந்தக் குறைந்த விலை முழுவதும் போய்விடும். முதல் 60க்கே 12 ரூபா 75 சதம், அடுத்த 30க்கு 18 ரூபா 50 சதம், 90க்கு மேலுள்ள 20க்கு 24 ரூபா. நிலையான கட்டணம் 1,000. கூட்டிப் பாருங்கள், 2,800 ரூபா. வரி வேறு. அதே இரண்டு குடும்பங்கள், அதே பேன்கள், அதே இரண்டு பழைய பிரிட்ஜ்கள். 1,090க்குப் பதிலாக 2,800.

படிமுறைக் கட்டணம் ஏழைகளைக் காப்பதற்காகவே வந்தது. அதிகம் பாவிப்பவர் அதிகம் கட்டுவார், குறையப் பாவிப்பவர் குறையக் கட்டுவார். புத்தகத்தில் வாசிக்கும்போது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் மீட்டருக்கு அலகு மட்டும்தான் தெரியும், அதற்குப் பின்னால் எத்தனை அடுப்பு எரிகிறது என்று தெரியாது. அதன் கணக்கில் நாங்கள் ஒரு நடுத்தரப் பணக்காரக் குடும்பம்.

2013க்குப் பிறகு ஒன்பது வருடங்களாக இந்த நாட்டில் கட்டணம் கூட்டப்படவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக வந்தது. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். 1,800 ரூபாவளவில் வந்துகொண்டிருந்த எங்கள் பில் 6,000ஐத் தாண்டியது. உம்மாவும் மாமியும் அதுவரை ஒரே கிண்ணத்தில் கறி பரிமாறிக்கொண்டவர்கள். அந்தப் பில் வந்த இரவு, விடியச் சாமம் மூன்று மணிக்கு மாமி மா அரைப்பதைப் பற்றி உம்மா ஏதோ சொன்னார். உம்மாவின் தையல் மெஷினைப் பற்றி மாமி ஏதோ சொன்னார். யாருடைய பிரிட்ஜ் பழையது என்ற பேச்சு வந்தது. அதன் பிறகு ஐந்து மாதம் இரண்டு வீடும் கதைக்கவில்லை. பெருநாளைக்கு வட்டிலப்பம் கீழே போகவில்லை, கீழேயிருந்து எதுவும் மேலே வரவுமில்லை. நான் படிக்கும்போது பேனை நிறுத்திவிட்டுப் படிக்கப் பழகிக்கொண்டேன். அதை ஒரு தியாகம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் படித்தார்கள்.

அந்த உயர்வுகள் புதுப்பிக்கத்தக்க சக்திக்காக வந்தவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். எரிபொருள் விலையும் மின்சார சபையின் பழைய நட்டமும் அவற்றுக்குக் காரணம். செலவுக்கு ஏற்ற விலை வேண்டும் என்று சர்வதேச நாணய நிதியமும் நின்றது. பிறகு பல தடவை குறைக்கவும் செய்தார்கள், 2025 ஒக்டோபரில் சபை கேட்ட 6.8 சதவீத உயர்வை ஆணைக்குழு மறுக்கவும் செய்தது. அப்படியானால் அந்தப் பழைய கதை இங்கே எதற்கு? கட்டணம் கூடினால் அது எந்த வழியால் யாரிடம் வந்து சேரும் என்பதை எனக்குக் காட்டிய கதை அது. நாளை சூரியனுக்காக உயர்த்தினாலும் அதே வழியால்தான் வரும்.

சூரியனுக்காக நாம் ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். 2016இல் 'சூர்யபல சங்கிராமய' என்ற திட்டம் தொடங்கியது. கூரையில் சோலார் பொருத்தியவர் தன் தேவைக்குப் போக மிஞ்சுவதைச் சபைக்கு விற்க முடிந்தது. ஆரம்பத்தில் முதல் ஏழு வருடத்துக்கு அலகொன்றுக்கு 22 ரூபாவும் அடுத்த 13 வருடத்துக்கு 15 ரூபா 50 சதமும் பேசப்பட்டது. நெருக்கடி வந்தபோது புதியவர்களுக்கு 37 ரூபா வரை உயர்த்தினார்கள். 2024இல் 27, 2025இல் சிறிய தொகுதிகளுக்கு 20 ரூபா 90 சதம் என்று இறக்கினார்கள். இந்தப் பணம் மின்சாரக் கொள்வனவுச் செலவு. அந்தச் செலவு எல்லோருடைய பில்லிலும் விழுகிறது. டீசலில் எடுத்த மின்சாரத்தை விட 37 ரூபாச் சூரியன் மலிவாகவே இருந்தது, ஆகவே திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. இன்று நாடு முழுவதும் கூரைகளில் 1,000 மெகாவொட்டுக்கு மேல் இருப்பது பெருமைக்குரியது.

ஆனால் அந்தக் கூரைகள் யாருடையவை? சோலார் பொருத்த இலட்சக்கணக்கில் காசு வேண்டும், சொந்தக் கூரை வேண்டும், அந்தக் கூரை பலமாகவும் இருக்க வேண்டும். எங்கள் கூரை துருப்பிடித்த தகரம், அதுவும் வாடகைத் தகரம். புறக்கோட்டையின் மேல் விழும் வெயிலுக்குக் குறைவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்குப் பிரதான வீதியில் செருப்பில்லாமல் நடந்து பார்த்தால் தெரியும். வெயில் எங்களுடையது, அதை விற்கும் உரிமை மட்டும் எங்களிடம் இல்லை.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 2025 ஜூன் உயர்வின்படி, மாதம் 180 அலகுக்கு மேல் பாவிப்பவர் மேலதிக அலகுக்கு 61 ரூபா கட்ட வேண்டியிருந்தது. அவர் கட்டும் அதிகப் பணம்தான் 30 அலகுக்காரரின் குறைந்த விலையைத் தாங்குகிறது. அவர் கூரையில் சோலார் பொருத்தியதும் அந்தக் கட்டணத்திலிருந்து விலகிவிடுகிறார். அவர் விட்டுச்சென்ற பாரம் யார் தலையில் விழும்? 60க்கும் 180க்கும் இடையில் நிற்பவர்களின் தலையில். அதாவது சம்பளக்காரர்களும், எங்களைப்போல் ஒரு மீட்டரில் தொங்கும் இரண்டு மூன்று குடும்பங்களும். 'உயர்த்துவோம்' என்று பொதுவாகச் சொன்னால் அதன் பொருள் இதுதான்.

ஜேர்மனி இந்தப் பாதையில் நமக்கு முன்னே போன நாடு. 2000ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, சூரிய, காற்று மின்சாரத்துக்கான மேலதிகச் செலவை ஒவ்வொரு அலகின் மீதும் ஒரு தனிக் கட்டணமாக வைத்தது. 2017இல் அது அலகொன்றுக்கு 6.88 யூரோ சதம் வரை ஏறியது. அதிக மின்சாரம் எரிக்கும் பெரிய தொழிற்சாலைகளுக்கு அதில் பெரும் சலுகை கிடைத்தது, வீடுகள் முழுமையாகக் கட்டின. அந்தப் பணத்தால் சோலார் பேனல் உலகம் முழுவதும் மலிவானது உண்மை. நம் நாட்டுக் கூரைகளுக்கும் அந்த நன்மை வந்து சேர்ந்திருக்கிறது. ஆனாலும் 2022 ஜூலையில் அந்நாடே அந்தக் கட்டணத்தைப் பூச்சியமாக்கி, செலவை அரசின் நிதியத்துக்கு மாற்றியது. நம்மை விடப் பல மடங்கு வசதியான குடும்பங்களாலேயே அது சுமக்க முடியாத பாரமாகத் தெரிந்தது. எனக்குப் பிடித்த விடயம் வேறொன்று. அங்கே அந்தத் தொகை எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நம் பில்லில் நிலக்கரிக்கு எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு, சூரியனுக்கு எவ்வளவு, பழைய கடனுக்கு எவ்வளவு என்று ஒரு வரியும் இல்லை. எதற்குக் கட்டுகிறேன் என்று தெரியாமல் கட்டச் சொல்வதை எந்தக் கணக்காளரும் ஏற்கமாட்டார்.

விலையும் ஒரு பிரச்சினை. மன்னாரிலும் பூநகரியிலும் அதானி நிறுவனம் அமைக்கவிருந்த காற்றாலைகளுக்கு அலகொன்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்று பேசப்பட்டது. புதிய அரசு அதை மறுபரிசீலனை செய்யத் தொடங்கியதும், 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. அதே மன்னாரில் 50 மெகாவொட் காற்றாலைக்குப் போட்டி விலைமனு கோரியபோது ஓர் உள்நாட்டு நிறுவனம் 4.65 சதத்துக்கு வந்தது. ஒரே காற்று, ஒரே தீவு. ஏறக்குறைய பாதி விலை. வீட்டுக்காரரிடம் கையை நீட்டுவதற்கு முன் ஒழுங்காக விலை கேட்டு வாங்கியிருந்தால் எவ்வளவு மிஞ்சும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

மன்னாரைப் பற்றிப் பேசும்போது மன்னார் மக்களை விட்டுவிடக் கூடாது. 'தம்பபவனி' என்ற பெயரில் ஏற்கெனவே 30 காற்றாலைகள் அங்கே கடற்கரையோரம் சுழல்கின்றன. மேலும் வருவதை எதிர்த்து 2025இல் மீனவர்களும் பொதுமக்களும் வீதிக்கு இறங்கினார்கள். மழைநீர் வடியும் வழி, கரைவலை, வலசை வரும் பறவைகள் என்று அவர்கள் சொல்லும் காரணங்களைக் கொழும்பில் பேனுக்குக் கீழே இருந்துகொண்டு தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. நம் வீட்டு விளக்குக்கு அவர்கள் வாழிடத்தால் விலை கட்டுகிறார்கள். இதையும் நான் மேடையில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் கட்சி தோற்றிருக்கும்.

அப்படியானால் கட்டணத்தை உயர்த்தவே கூடாதா? அப்படிச் சொல்லி எதிர்க்கட்சிக்காரியாக மாறுவதும் எனக்கு எளிதல்ல. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை பகல், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு என்று சொன்னார்கள், நாங்களும் சிரித்தோம். ஆனால் தேவை குறைந்த வெயில் நாளில் கூரைச் சூரியனின் பங்கு கூடியிருந்ததால், ஒரு சிறு அதிர்ச்சியைத் தாங்கும் பலம் கட்டமைப்புக்கு இருக்கவில்லை என்பது குரங்கை விடப் பெரிய செய்தி. ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, பகல் மூன்று மணி வரை சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று கூரைக்காரர்களிடம் சபை கேட்டுக்கொண்டது. மலிவான மின்சாரம் தலைக்கு மேல் கொட்டுகிறது, பிடித்து வைக்கப் பாத்திரமில்லை. வுழூச் செய்யும்போது குழாயைத் திறந்துவிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தால் உம்மும்மா கண்டிப்பார். நாடே அப்படிக் குழாயைத் திறந்து வைத்திருக்கிறது. மின்கலத் தொகுதிகளுக்கும் கடத்தல் பாதைகளுக்கும் பணம் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. இரவு ஏழு மணிக்கு மாமி வீட்டு விளக்கு எரிய, பகல் வெயிலைச் சேமித்துத்தான் ஆக வேண்டும்.

அந்தப் பணத்தில் என் பங்கைக் கட்ட எனக்குச் சம்மதம். வாப்பாவிடமும் கேட்டேன், நியாயமாயிருந்தால் கட்டலாம் என்றார். நியாயம் என்று அவர் சொல்வதை நான் இப்படி விளங்கிக்கொள்கிறேன். உயர்த்துவதற்கு முன் ஒரு மீட்டரில் எத்தனை குடும்பம் என்று எண்ண வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் வாக்காளர் இடாப்பு இருக்கிறது, எண்ணுவது கடினமல்ல. தனி மீட்டர் எடுக்க வீட்டு உரிமையாளரின் கையெழுத்து வேண்டும் என்ற நிலையில் வாடகைக் குடும்பம் என்ன செய்யும்? எங்கள் வீட்டுக்காரர் மூன்று வருடமாக "பார்ப்போம்" என்கிறார். கையெழுத்து இல்லாவிட்டாலும், இரண்டு குடும்பம் என்று உறுதியானால் 110 அலகை இரண்டு 55 ஆகப் பார்த்துப் பில் போட ஒரு விதி இருந்தால் போதும். கணினிக்கு அது ஒரு வகுத்தல் கணக்கு.

கூரையில்லாதவருக்கும் வெயிலில் பங்கு கொடுக்கலாம். டெல்லியில் 2019இலேயே அதற்கு விதி செய்திருக்கிறார்கள். ஓரிடத்தில் பொதுவாகச் சோலார் பொருத்தி, அதில் பங்குள்ள பல வீடுகளின் பில்லில் அந்த அலகுகளைக் கழித்துக்கொள்ளலாம். புறக்கோட்டையில் களஞ்சியங்களின் கூரைகள் எத்தனை! புகையிரத நிலையத்தின் கூரை, பஸ் நிலையங்களின் கூரை, பாடசாலைகளின் கூரை. நூறு வருடங்களுக்கு முன் கொழும்பின் ட்ராம் வண்டிகளுக்கு மின்சாரம் கொடுத்த நிலையம் புறக்கோட்டையில்தான் இருந்தது என்று வாசித்தபோது ஆச்சரியமாக இருந்தது. ஊருக்கே கரண்ட் கொடுத்த இடம் இது. பெயரிலேயே விளக்கை வைத்திருக்கும் ஐந்து லாம்புச் சந்தியும் பக்கத்தில்தான்.

கட்டணத்தை மாற்றுவதற்கு முன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தை எழுத்திலும் நேரிலும் கேட்கிறது. அங்கே தொழிலதிபர்களும் சங்கங்களும் போய்ப் பேசுவதைச் செய்தியில் பார்த்திருக்கிறேன். ஒரு மீட்டரில் இரண்டு அடுப்பு எரிக்கும் உம்மாமார் எவரையும் இதுவரை பார்க்கவில்லை. அடுத்த தடவை அனுப்புவதற்காக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். மேலே உள்ள கணக்கு அதில் அப்படியே இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் பதினொரு குடும்பங்கள் கையெழுத்து வைத்திருக்கின்றன. இரண்டு பேர் வீட்டுக்காரருக்குப் பயந்து வைக்கவில்லை, அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

விவாதத்தில் எங்கள் கட்சி வென்றது. கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மாமி படிக்கட்டில் இருந்தார். எதற்குப் பரிசு என்று கேட்டார், சொன்னேன். "கரண்ட் பில்லக் கூட்டச் சொல்லியா மகள் கப் எடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தார். பிறகு கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். 1,090 என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, உம்மாவையும் கீழே கூப்பிட்டார். அந்த வரியை இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. மாமியின் பெயர்தான் முதலாவது கையெழுத்து, அதற்குக் கீழே உம்மாவுடையது.